மயங்கிய முயலும் மடங்கி விழுந்த நாயும்

முயல் அசையாமல் உட்கார்ந்திருக்கிறது. காதுகள் தொங்கிவிட்டன, இமைகள் பாதி மூடியிருக்கின்றன. தொட்டாலும் நகர மனமில்லாததுபோல் கிடக்கிறது. காலில் காயம் கிடையாது, தசையில் கோளாறு கிடையாது. 1957-இல் ஸ்வீடனின் லுண்ட் பல்கலைக்கழகத்தில் அர்விட் கார்ல்சன் என்ற மருந்தியலாளர் இப்படிப்பட்ட முயல்களுக்கு எல்-டோபா என்ற பொருளை ஊசிவழி செலுத்தினார். சிறிது நேரத்தில் காதுகள் நிமிர்ந்தன, கண்கள் திறந்தன, முயல்கள் எழுந்து நடமாடத் தொடங்கின. நகர 'மனமில்லாமல்' கிடந்த உயிருக்கு மனம் வந்துவிட்டது. வந்தது எங்கிருந்து என்றால், ஊசிக்குழலிலிருந்து.

விலங்குகளின் விழிப்பையும் சுறுசுறுப்பையும் பற்றி நாம் எண்ணிக்கொண்டிருந்ததை இந்த முயல்கள் அளவுக்கு மாற்றிப்போட்டவை குறைவு. அதற்கு முன்பு நிலைமை எப்படி இருந்தது?

இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில், ஒரு விலங்கு ஏன் விழித்திருக்கிறது என்று உடலியல் அறிஞர்களைக் கேட்டிருந்தால், வெளியுலகம் அதைத் தூங்கவிடாமல் வைத்திருக்கிறது என்பார்கள். ஒளியும் ஓசையும் தொடுகையும் புலன்கள் வழியே ஓயாமல் மூளைக்கு வந்து சேர்கின்றன, அந்த வரத்து குறைந்தால் மூளை தானாக அடங்கிவிடும் என்பது பரவலான நம்பிக்கை. 1935-இல் பிரஸ்ஸல்ஸ் நகரில் ஃபிரெடரிக் பிரெமர் பூனைகளில் நடத்திய சோதனை இதை உறுதிப்படுத்தியதாகவே தோன்றியது. மூளைத்தண்டும் தண்டுவடமும் சேருமிடத்தில் வெட்டியபோது பூனையின் மூளை வழக்கம்போல் தூங்கியது, விழித்தது. இன்னும் மேலே, நடுமூளையின் குறுக்கே வெட்டியபோது மூளையின் மின்னலைகள் தூக்கத்துக்குரியவையாகவே நின்றுவிட்டன. மேலே வெட்டும்போது புலன்வழிச் செய்திகளில் பெரும்பகுதி அறுபடுவதால் இப்படி ஆகிறது என்று பிரெமர் முடிவு கட்டினார். அன்றைய அறிவுக்கு அது நியாயமான முடிவு. ஆனால் இரண்டு வெட்டுகளுக்கும் நடுவிலிருந்த அந்தச் சிறிய பகுதியில் என்ன இருக்கிறது என்ற கேள்வி எழாமலே போயிற்று.

அந்தக் கேள்வியை எழுப்பியிருக்க வேண்டிய துப்பு வேறோரிடத்தில் முன்பே கிடைத்திருந்தது. 1917-இல் வியன்னாவில் கான்ஸ்டன்டின் வான் எகனாமோ என்ற மருத்துவர் புதிய மூளை அழற்சி நோய் ஒன்றை விவரித்தார். நோயாளிகளில் பலர் நாள்கணக்கில், வாரக்கணக்கில் தூங்கினார்கள். சிலருக்கு நேர்மாறாகத் தூக்கமே வரவில்லை. இறந்தவர்களின் மூளையை அவர் ஆராய்ந்தபோது ஓர் ஒழுங்கு புலப்பட்டது. மிதமிஞ்சித் தூங்கியவர்களுக்கு ஹைப்போதலாமஸ் என்ற மூளைப்பகுதியின் பின்புறம் நடுமூளையோடு சேருமிடத்தில் சேதம். தூங்க முடியாதவர்களுக்கு அதன் முன்பகுதியில் சேதம். ஆக, விழிப்புக்கு ஓரிடமும் தூக்கத்துக்கு ஓரிடமும் மூளைக்குள்ளேயே இருக்கின்றன என்றார் அவர். புலன்களின் மேல் பாரத்தைப் போட்ட கொள்கைக்கு இது ஒத்துவரவில்லை. எகனாமோவால் இடத்தைக் காட்ட முடிந்தது. அந்த இடம் எதைக் கொண்டு வேலை செய்கிறது என்று சொல்லும் வழி அவரிடமோ வேறு எவரிடமோ அன்று இல்லை.

பிரெமரின் முடிவை அசைத்தவர்கள் ஜியுசெப்பே மொருட்ஸியும் ஹொராஸ் மேகூனும். 1949-இல் சிகாகோவில், மயக்க மருந்தில் கிடந்த பூனைகளின் மூளைத்தண்டின் உட்பகுதியை மின்சாரத்தால் தூண்டினார்கள். புலன் எதையும் தொடாமலே, மூளையின் பெரிய மந்த அலைகள் மறைந்து விழிப்புக்குரிய சிறிய, வேகமான அலைகள் தோன்றின. மூளை தன்னைத்தானே எழுப்பிக்கொள்கிறது என்பது ஐயத்துக்கு இடமில்லாமல் தெரிந்தது. ஆனாலும் அவர்களுடைய மொழி முழுக்க மின்சாரத்தின் மொழி. நரம்புகள் வேதிப்பொருளைச் சுரந்து பேசுகின்றன என்று ஓட்டோ லோவி 1921-இலேயே தவளை இதயங்களைக் கொண்டு நிறுவியிருந்தார். அது இதயத்துக்குப் பொருந்தும், மூளைக்குள் நடப்பது மின்பொறிதான் என்று 1950-ஐ ஒட்டிய ஆண்டுகள் வரை பெரிய பெரிய அறிஞர்கள் வாதாடிக்கொண்டிருந்தார்கள்.

மூளைக்குள் வேதியியல் நுழைந்த பாதையில் நம் நாட்டுச் செடி ஒன்று நிற்கிறது.

சர்ப்பகந்தா. பாம்புக்கடிக்கும் பித்துக்கும் தூக்கமின்மைக்கும் இதன் வேரை நம் மருத்துவர்கள் காலங்காலமாகக் கொடுத்து வந்தார்கள். 1931-இல் கணநாத் சென், கார்த்திக் சந்திர போஸ் என்ற இரு வங்காள மருத்துவர்கள் இந்த வேர் மனக்கலக்கத்தை அடக்குவதையும் இரத்த அழுத்தத்தைக் குறைப்பதையும் எழுதி வெளியிட்டார்கள். உலகம் பொருட்படுத்தவில்லை. 1949-இல் பம்பாயின் ருஸ்தம் ஜால் வக்கீல், இரத்த அழுத்த நோயாளிகளுக்கு அதைக் கொடுத்துக் கண்டதைப் பிரிட்டிஷ் இதயவியல் இதழில் எழுதிய பிறகே மேற்கு நாடுகள் திரும்பிப் பார்த்தன. 1952-இல் சுவிட்சர்லாந்தின் சிபா நிறுவனத்தார் வேரிலிருந்து ரெசர்பின் என்ற பொருளைப் பிரித்தெடுத்தார்கள். இரண்டே ஆண்டுகளில் அது அமெரிக்க மனநல மருத்துவமனைகளை எட்டியது. கல்கத்தாவில் எழுதப்பட்டதைப் படிக்க உலகத்துக்கு இருபது ஆண்டுகள் பிடித்தன என்பதை இந்த வரலாற்றை எழுதும் எவரும் விட்டுவிடக் கூடாது என்று நினைக்கிறேன்.

கார்ல்சனின் முயல்களை மயக்கியது இந்த ரெசர்பின்தான். அமெரிக்காவில் பெர்னார்ட் பிரோடியின் ஆய்வகம், ரெசர்பின் கொடுத்தால் மூளையில் உள்ள செரட்டோனின் என்ற வேதிப்பொருள் வற்றிப்போகிறது என்று 1955-இல் கண்டிருந்தது. அங்கே சில மாதங்கள் இருந்து அளவிடும் நுட்பத்தைக் கற்றுக்கொண்டு ஊர் திரும்பிய கார்ல்சன், நார்அட்ரினலின் என்ற இன்னொரு பொருளும் கூடவே வற்றுவதைப் பார்த்தார். வற்றியதால்தான் முயல் முடங்குகிறது என்றால், வற்றியதைத் திரும்ப நிரப்பினால் முயல் எழ வேண்டுமே? செரட்டோனினாக மாறும் மூலப்பொருளைக் கொடுத்தார்கள். முயல் எழவில்லை. நார்அட்ரினலினுக்கு மூலமான எல்-டோபாவைக் கொடுத்தார்கள். எழுந்தது. விடை கிடைத்துவிட்டதென்று அத்துடன் நிறுத்தியிருக்கலாம். அவர்கள் நிறுத்தாமல் எழுந்த விலங்குகளின் மூளையை அளந்து பார்த்தார்கள். நார்அட்ரினலின் நிரம்பவே இல்லை. நிரம்பியிருந்தது டோப்பமின். நார்அட்ரினலின் உருவாகும் வழியில் வந்துபோகும் இடைப்பொருள் என்று மட்டும் அதுவரை கருதப்பட்ட ஒன்று.

1960-இல் லண்டனில் கூடிய கருத்தரங்கில் இதை அவர் விளக்கியபோது, நோபெல் பரிசு பெற்ற ஹென்றி டேல் உட்படப் பலர் நம்ப மறுத்தார்கள். அதே காலத்தில் வியன்னாவில் ஒலே ஹார்னிகிவிட்ஸ், பார்க்கின்சன் நோயில் இறந்தவர்களின் மூளையில் டோப்பமின் மிகக் குறைந்திருப்பதைக் கண்டார். 1961-இல் நோயாளிகளுக்கு எல்-டோபா ஊசி போடப்பட்டது. படுக்கையைவிட்டு எழ முடியாதவர்கள் எழுந்தார்கள். 1969-இல் நியூயார்க்கில் ஆலிவர் சாக்ஸ் என்ற மருத்துவர் அதே மருந்தைக் கொடுத்தது யாருக்கு என்பதைக் கவனிக்க வேண்டும். எகனாமோ விவரித்த அந்த மூளை அழற்சியில் பிழைத்து, பல பத்தாண்டுகள் உறைந்துபோய் இருந்தவர்களுக்கு. அவர்கள் எழுந்து பேசினார்கள், நடந்தார்கள். பலருக்கு அந்த எழுச்சி நிலைக்கவில்லை என்பது துயரம். ஆனால் 1917-இல் காட்டப்பட்ட இடமும் 1957-இல் கண்ட பொருளும் அந்த மருத்துவமனையில் ஒன்றையொன்று சந்தித்தன. கார்ல்சனுக்கு நோபெல் பரிசு வர 2000 ஆனது.

1960-களில் ஸ்வீடன்காரர்கள் இன்னொன்றும் செய்தார்கள். மூளைச் சீவல்களை ஃபார்மால்டிஹைடு ஆவியில் காட்டினால் டோப்பமினும் நார்அட்ரினலினும் இருக்கும் நரம்பணுக்கள் பச்சையாகவும், செரட்டோனின் இருப்பவை மஞ்சளாகவும் நுண்ணோக்கியில் ஒளிர்ந்தன. 1964-இல் அன்னிகா டால்ஸ்ட்ரோமும் ஷெல் ஃபுக்ஸேயும் எலி மூளையின் வரைபடத்தையே இவ்வாறு தீட்டிவிட்டார்கள். வியப்பு என்னவென்றால் இந்த அணுத்திரள்கள் மிகச் சிறியவை. எலியின் மூளைத்தண்டில் நார்அட்ரினலின் சுரக்கும் 'நீலப்புள்ளி' என்ற திரளில் பக்கத்துக்கு ஏறத்தாழ 1,500 நரம்பணுக்களே உண்டு. ஆனால் அவற்றின் கிளைகள் மூளை முழுவதும் பரவியிருக்கின்றன. விலங்கு விழித்திருக்கும்போது அவை துடிக்கின்றன, தூங்கும்போது தளர்கின்றன, கனவுத் தூக்கத்தில் ஏறக்குறைய ஓய்ந்துவிடுகின்றன. எலி கண்விழிப்பதற்குச் சற்று முன்பே இவை துடிப்பைக் கூட்டிவிடுகின்றன என்று 1981-இல் கேரி ஆஸ்டன்-ஜோன்ஸும் ஃபுளாய்ட் புளூமும் காட்டினார்கள். பிரெமரின் இரண்டு வெட்டுகளுக்கு நடுவே இருந்தவை இப்படிப்பட்ட திரள்கள்தாம்.

இனி நாய்களின் கதை. இந்தத் துறையில் என்னை மிகவும் ஈர்த்தது இதுதான்.

நார்கோலெப்சி என்ற நோய்க்கு 1880-இலேயே பெயர் வைத்தாயிற்று. பகலில் அடக்க முடியாத தூக்கம் வரும். மகிழ்ச்சியோ சிரிப்போ பொங்கும் நேரத்தில் உடல் திடீரெனத் தளர்ந்து சாயும். காரணம் மட்டும் நூறாண்டுகள் ஆகியும் தெரியவில்லை. மனக்கோளாறு என்றவர்கள் உண்டு, சோம்பல் என்றவர்கள் அதைவிட அதிகம். 1970-களில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் வில்லியம் டிமென்ட் இதே நோயுள்ள நாய்களைத் தேடிச் சேர்த்தார். டாபர்மேன், லாப்ரடார் இனங்களில் சில குடும்பங்களில் நோய் தலைமுறை வழியாக வந்தது. பிடித்த உணவைக் கண்டு அந்த நாய்கள் குதூகலத்தோடு ஓடிவரும். வந்த வேகத்தில் பின்னங்கால்கள் மடங்கும், அப்படியே சரிந்து விழும். கண் திறந்திருக்கும், நினைவும் இருக்கும், ஆனால் அசைய முடியாது. சில நொடிகளோ நிமிடங்களோ கழித்து எழுந்து மறுபடியும் உணவை நோக்கி ஓடும். மகிழ்ச்சியே ஒரு விலங்கைக் கீழே தள்ளுவதைப் பார்த்தவர்கள் எவரும் அதைச் சோம்பல் என்று சொல்லியிருக்க முடியாது.

பிரான்சிலிருந்து வந்த இமானுவேல் மிக்னோ இந்த நாய்களின் மரபணுவைப் பத்தாண்டுகளுக்கு மேல் துழாவினார். நாயின் முழு மரபுத்தொகுதி அன்று படிக்கப்படவில்லை, கண்ணைக் கட்டிக்கொண்டு தேடும் வேலைதான். இடையில், 1998-இல், வேறிரு குழுக்கள் ஹைப்போதலாமஸில் புதிய புரதத்துணுக்குகளைத் தனித்தனியே கண்டிருந்தன. ஒரு குழு ஹைப்போக்ரெட்டின் என்றது, டெக்சாஸில் மசாஷி யனகிசாவாவின் குழு ஓரெக்சின் என்றது. இரண்டும் ஒன்றே. எலிகளின் மூளையில் செலுத்தியபோது அவை கூடுதலாகத் தின்றதால் பசிக்கான பொருள் என்றுதான் யனகிசாவா குழுவினர் எண்ணியிருந்தார்கள். ஓரெக்சின் இல்லாத சுண்டெலிகளை உருவாக்கி, அவை நடமாடும் இரவு நேரத்தில் அகச்சிவப்புக் கேமராவில் பார்த்தார்கள். ஓடிக்கொண்டிருந்த சுண்டெலிகள் திடீர் திடீரென்று விழுந்தன. 1999-இல் மிக்னோவின் தேடலும் முடிந்தது. அவருடைய நாய்களில் கெட்டிருந்தது ஓரெக்சினைப் பற்றிக்கொள்ளும் ஏற்பியின் மரபணு. அடுத்த ஆண்டே, நார்கோலெப்சியோடு வாழ்ந்து இறந்த மனிதர்களின் மூளையில் ஓரெக்சின் அணுக்கள் 85 முதல் 95 சதவீதம் வரை அழிந்திருந்தது தெரியவந்தது. நாயில் ஏற்பி கெட்டிருந்தது, சுண்டெலியில் பொருளே இல்லை, மனிதரில் அதைச் சுரக்கும் அணுக்கள் போய்விட்டன. விழுவது மட்டும் ஒன்றுபோலவே. ஏறத்தாழ 8,600 கோடி நரம்பணுக்கள் உள்ள மனித மூளையில் ஓரெக்சின் சுரப்பவை ஒரு லட்சத்துக்கும் குறைவு.

இந்தப் பக்கங்களில் வரும் பூனைகளும் முயல்களும் நாய்களும் தாமாக முன்வந்தவை அல்ல. அவற்றின் வலியை மறந்துவிட்டு இந்த அறிவைக் கொண்டாட என்னால் இயலவில்லை. மிக்னோவின் ஆய்வகத்தில் நாய் வளர்ப்பு பின்னர் நிறுத்தப்பட்டது. நார்கோலெப்சி உள்ள வாட்சன் என்ற சிவாவா நாயை அவர் தன் வீட்டில் செல்லமாக வளர்த்தார் என்று படித்தபோது மனம் சற்று ஆறியது.

இன்றைய சித்திரம் இதுதான். ஹைப்போதலாமஸின் முன்பகுதியில் தூக்கத்துக்கான திரள் ஒன்று இருக்கிறது. 1996-இல் கிளிஃபோர்ட் சேப்பரின் குழு அதை அடையாளம் கண்டது. பின்பகுதியிலும் மூளைத்தண்டிலும் விழிப்புத் திரள்கள் இருக்கின்றன: ஹிஸ்டமின், நார்அட்ரினலின், டோப்பமின், செரட்டோனின், அசிட்டைல்கோலின் என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே. சிறுவர் பூங்காவின் சீசாப் பலகைபோல், ஒரு பக்கம் ஓங்கும்போது மறுபக்கத்தைத் தாழ்த்தும். ஓரெக்சின் விழிப்பின் பக்கத்தில் வைத்த கை. அந்தக் கை எடுபட்டால் பலகை நிலைகொள்ளாமல் ஆடும், விழிப்பின் நடுவே தூக்கத்தின் துண்டுகள் புகுந்துவிடும். எகனாமோ கண்ட முன்பகுதிச் சேதமும் பின்பகுதிச் சேதமும் எண்பதாண்டுகள் கழித்து இப்படித்தான் பொருள் பெற்றன.

கார்ல்சன் ஊசியால் செய்ததை இன்று ஒளியால் செய்கிறார்கள். குறிப்பிட்ட நரம்பணுக்கள் மட்டும் ஒளிக்கு இசையுமாறு மரபணுவை மாற்றி, நுண்ணிய ஒளியிழையை மூளைக்குள் செலுத்துகிறார்கள். 2007-இல் ஸ்டான்ஃபோர்டில் தூங்கும் சுண்டெலிகளின் ஓரெக்சின் அணுக்களைத் தூண்டியபோது அவை விரைவில் விழித்தன. 2010-இல் நீலப்புள்ளியைத் தூண்டியபோது ஐந்து நொடிகளுக்குள்ளேயே விழித்தன. ஆனால் அதே தூண்டலை வேகமாகவும் நீளமாகவும் கொடுத்தபோது சுண்டெலி நின்ற இடத்தில் உறைந்துபோயிற்று. குறைந்தாலும் முடக்கம், மிகுந்தாலும் முடக்கம்.

டோப்பமினிலும் இதையொத்த இரட்டை முகம் உண்டு. 1995-இல் சியாட்டிலில் ரிச்சர்ட் பால்மிட்டரின் ஆய்வகம் டோப்பமின் இல்லாத சுண்டெலிகளைப் பிறப்பித்தது. உணவும் நீரும் பக்கத்திலேயே இருக்க, அவை தின்னாமல் குடியாமல் கிடந்து சில வாரங்களில் இறந்தன. நாள்தோறும் எல்-டோபா கொடுத்தால் எழுந்து தின்று வாழ்ந்தன. மறு ஆண்டு வேறொரு ஆய்வகத்தில், சுரந்த டோப்பமினைத் திரும்ப உறிஞ்சும் புரதம் இல்லாத சுண்டெலிகள் ஓயாமல் ஓடித் திரிந்தன. இப்படி வேதிப்பொருளின் அளவை மாற்றுவதை இயற்கையும் கையாண்டிருக்கிறது. மெக்சிகோவில் ஒரே மீனினம் ஆற்றிலும் இருண்ட குகைகளிலும் வாழ்கிறது. கண்ணிழந்த குகை மீன்கள் ஆற்று மீன்களைவிட மிகக் குறைவாகவே தூங்குகின்றன. பச்சோன் என்ற குகையின் மீன்களில் ஓரெக்சின் கூடுதலாக இருப்பதும், அதை அடக்கினால் அவை கூடுதலாகத் தூங்குவதும் 2018-இல் தெரிந்தது.

இவையெல்லாம் ஆய்வகத்தோடு நின்றுவிடவில்லை. அரிப்புக்கு அவில் மாத்திரை போட்டவுடன் கண் சொக்குவது ஏன்? அது தோலில் மட்டுமன்றி மூளையிலும் ஹிஸ்டமினைத் தடுத்துவிடுகிறது. மூளைக்குள் அதிகம் நுழையாத செடிரிசின் போன்றவற்றில் அந்த மயக்கம் குறைவு. விழித்திருக்கும் நேரம் நீள நீள மூளையில் அடினோசின் என்ற பொருள் சேர்ந்து தூக்கத்தை வரவழைக்கிறது. காலைக் காபி அதன் ஏற்பிகளை அடைத்துக்கொள்கிறது. களைப்பு காபியால் தீர்வதில்லை, களைப்பின் செய்தி சற்று நேரம் மூளைக்கு எட்டாமல் போகிறது, அவ்வளவுதான். ஓரெக்சினைத் தடுக்கும் தூக்க மருந்து 2014-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. மறுபுறம், ஓரெக்சின் ஏற்பியைத் தூண்டும் மருந்துகள் நார்கோலெப்சி நோயாளிகளிடம் நடந்த சோதனைகளில் நல்ல பலன் காட்டியிருக்கின்றன.

மாறாதது ஒன்று இருக்கிறது, அதைத்தான் வருத்தத்தோடு சொல்ல வேண்டியிருக்கிறது. அறிவியல் இவ்வளவு தூரம் வந்த பிறகும் வீட்டிலும் பள்ளியிலும் நம் பேச்சு 1930-களிலேயே நிற்கிறது. தூங்கி வழிகிற பிள்ளைக்குத் தூங்குமூஞ்சி என்ற பட்டம், துறுதுறுவென்று இருக்கிற பிள்ளைக்கு அடங்காதது என்ற பட்டம். நார்கோலெப்சி பெரும்பாலும் பள்ளிப் பருவத்திலும் இளமையிலும் தலைகாட்டும் நோய். அந்த வயதில் திட்டும் தண்டனையும்தான் முதலில் கிடைக்கின்றன. நோய் இன்னதென்று தெரியப் பல ஆண்டுகள் ஆகின்றன.

பெற்றோருக்கும் ஆசிரியர்களுக்கும் ஒரு வேண்டுகோள். இரவில் போதிய அளவு தூங்கியும் ஒரு பிள்ளை பகலில் தொடர்ந்து தூங்கி விழுந்தால், அல்லது வாய்விட்டுச் சிரிக்கும்போது முழங்கால் மடங்கியோ தாடை தளர்ந்தோ போனால், திட்டுவதை நிறுத்திவிட்டு மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். இரத்தசோகை, தைராய்டுக் குறைபாடு, உறக்கத்தில் மூச்சுத் தடைபடுதல் என்று எளிதில் கண்டறியக்கூடிய காரணங்களும் இருக்கலாம், அவற்றை முதலில் பார்ப்பார்கள். அவை இல்லையென்றால் நரம்பியல் மருத்துவரிடம் தூக்க ஆய்வு செய்துகொள்ளலாம். பெரிய நகரங்களின் மருத்துவமனைகளில் அந்த வசதி இன்று இருக்கிறது.